கரன்ட் போன நொடியில் டிஸ்க்கில் என்ன நிற்கும்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மின்தடையைப் பற்றியவை. இந்தக் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

மளிகைக் கடையில் பில் போட்டு, 'சேவ் ஆகிவிட்டது' என்று திரையில் வந்து, தாளும் பிரின்டரிலிருந்து வெளியே வந்துவிட்டது. உடனே கரன்ட் போனது. திரும்ப வந்து பார்த்தால் அந்தப் பில்லும் அதற்கு முந்தைய இரண்டும் கணக்கில் இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? (கடைக்காரர், கும்பகோணம்)

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று பில்லும் டிஸ்க் வரைக்கும் போய்ச் சேரவேயில்லை, அவ்வளவுதான்.

பில்லிங் சாஃப்ட்வேர் ஒரு பில்லை எழுதச் சொன்னால், விண்டோஸோ லினக்ஸோ அதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, 'எழுதியாச்சு' என்று பதில் சொல்லிவிடும். கல்லாவில் போடச் சொன்ன பணத்தைப் பையன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு 'போட்டாச்சுண்ணே' என்பதுபோல. லினக்ஸில் இப்படிச் சட்டைப்பையில் கிடக்கும் தகவல் இயல்பான அமைப்பில் சுமார் 30 விநாடி வரை ரேமிலேயே இருக்கலாம். விண்டோஸிலும் சில விநாடி தாமதம் உண்டு. அங்கிருந்து கிளம்பினாலும் இன்னொரு சட்டைப்பை இருக்கிறது: டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே ஒட்டியிருக்கும் கேஷ் மெமரி. ஹார்ட் டிஸ்க்கில் இது 64 முதல் 512 எம்பி வரை. டிஸ்க்கும் அதில் வாங்கிப் போட்டுக்கொண்டு 'எழுதியாச்சு' என்றே சொல்லும். இரண்டு மெமரியுமே கரன்ட் போனால் காலி.

இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. லினக்ஸில் எஃப்சிங்க் என்பார்கள். விண்டோஸில் ஃப்ளஷ் ஃபைல் பஃபர்ஸ். 'கையில் இருப்பதையெல்லாம் காந்தத் தட்டில் இறக்கிவிட்டு வந்து பதில் சொல்' என்று அதற்கு அர்த்தம். சாஃப்ட்வேர் இந்தக் கட்டளையைக் கொடுத்து, பதில் வரும்வரை காத்திருந்து, அதன்பிறகு பில்லை அச்சடிக்க வேண்டும். உங்களுக்குத் தாள் முதலில் வந்து கணக்கு காணாமல் போயிருப்பதே, அது காத்திருக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

விற்றவரிடம் பின்னால் எந்த டேட்டாபேஸ் ஓடுகிறது என்று கேளுங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால், ஒரு பதிவு உறுதியாகும்போது (அதுதான் கமிட்) மாற்றங்களின் குறிப்பேடான லாக்கை எப்படி இறக்குவது என்று சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு: 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்'. அதன் மதிப்பு 1 என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க் வரை இறங்கும். 2 என்றால் விநாடிக்கு ஒருமுறைதான். இயல்பில் 1தான் இருக்கும். 'சாஃப்ட்வேர் மந்தமாக இருக்கிறது' என்ற புகாரைத் தீர்க்க யாரோ 2 ஆக்கிவிட்டுப் போயிருப்பார்கள். எஸ்க்யூலைட் என்றால் சிங்க்ரனஸ் அமைப்பு 'ஃபுல்' என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். மாற்றங்களை முதலில் தனி லாக் ஃபைலில் எழுதும் 'வால்' (WAL) முறையில் 'நார்மல்' வைத்திருந்தால் ஃபைல் கெடாது, ஆனால் கடைசியாகப் போட்ட சில பதிவுகள் போகலாம்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியில் உங்கள் டிஸ்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் 'பாலிசீஸ்' பக்கத்துக்குப் போங்கள். இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம் டிஸ்க் கேஷைப் பயன்படுத்துவது, அது இருக்கலாம். இரண்டாவது, பஃபர் ஃப்ளஷ்ஷை நிறுத்துவது. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த டிக் இருக்கும்வரை சாஃப்ட்வேர் எத்தனை முறை 'இறக்கு' என்று கத்தினாலும் விண்டோஸ் அதை டிஸ்க்கிடம் சொல்லவே சொல்லாது. 'கம்ப்யூட்டர் வேகமாக ஓட 10 வழிகள்' வகையறா வீடியோக்கள் இந்த டிக்கைப் போடச் சொல்கின்றன. பில் போடும் மெஷினில் அந்த வித்தை வேண்டாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனால், படித்து எழுதும் முனையான ஹெட் தட்டின்மேல் விழுந்து கீறிவிடும் என்கிறார்களே? (மாணவி, நெய்வேலி)

விழாது. கரன்ட் போனாலும் தட்டு உடனே நின்றுவிடுவதில்லை. சுழலும் அந்த மோட்டாரே அப்போது ஜெனரேட்டராக மாறி, கிடைக்கும் கொஞ்சம் மின்சாரத்தில் ஹெட்டைப் பின்னுக்கு இழுத்து ஓரத்தில் நிறுத்திவிடும். 'டொக்' என்று கேட்பது அந்தச் சத்தம். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலில் 192ஆம் எண் இப்படி அவசரமாக இழுத்த தடவைகளைக் காட்டும். சாதாரணமாக நிறுத்துவதைவிட இது முரட்டு வேலை. தினம் நாலு தடவை நடந்தால் டிஸ்க்கின் ஆயுளுக்கு நல்லதில்லை.

அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு செக்டர், அதாவது 512 அல்லது 4,096 பைட், பாதியில் நின்றுபோக வாய்ப்புண்டு. அதைத் திரும்பப் படித்தால் பிழைதிருத்தக் கணக்கு ஒத்துவராமல் படிக்க முடியவில்லை என்று வரும். 197ஆம் எண் ஒன்று கூடும். பயந்து டிஸ்க்கை மாற்ற வேண்டாம். அதே இடத்தில் மறுபடி எழுதினதும் சரியாகி எண் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது மின்தடையின் வேலை. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் தட்டில் கோளாறு.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லையே. அதற்கு மாறிவிட்டால் மின்தடைக் கவலை தீர்ந்ததா? (ஸ்டூடியோ வைத்திருப்பவர், நாகர்கோவில்)

வேறு கவலை வரும். இந்த விஷயத்தில் மலிவான எஸ்எஸ்டியைவிடப் பழைய ஹார்ட் டிஸ்க் நம்பகமானது என்றுகூடச் சொல்லலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலுக்கு ஒரு நிலையான இடம் உண்டு. எஸ்எஸ்டியில் கிடையாது. ஃபிளாஷ் சில்லில் எழுதிய இடத்தின்மேலேயே மறுபடி எழுத முடியாது; பல எம்பி அளவுள்ள பிளாக்கை மொத்தமாக அழித்த பிறகுதான் எழுத வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் புது இடத்தில் எழுதி, 'இந்த எண்ணுள்ள தகவல் இப்போது இங்கே' என்று உள்ளுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். வேகத்துக்காக அந்தப் பட்டியலின் புதிய பகுதியும் மெமரியில்தான் இருக்கும். பட்டியல் கெட்டால் நீங்கள் அன்றைக்கு எழுதியது மட்டும் போகாது, போன வருஷத்துக் கல்யாண ஆல்பமும் எங்கே இருக்கிறதென்று டிஸ்க்குக்கே தெரியாது.

2011இல் இன்டெல் 320 வரிசை எஸ்எஸ்டிகளில் இதுதான் வெளியே வந்தது. திடீரென்று மின்சாரம் போய் வந்தபின் சில டிஸ்க்குகள் தங்கள் கொள்ளளவையே 8 எம்பி என்று காட்டின. அந்த ஆகஸ்டில் ஃபர்ம்வேருக்கு, அதாவது டிஸ்க்கின் உள்ளே ஓடும் நிரலுக்கு, திருத்தம் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அந்த வரிசையில் மின்தடைக்கென்றே கெபாசிட்டர்கள் வைத்திருந்தார்கள்.

இன்னொன்று உண்டு, இதைப் பலர் நம்பமாட்டார்கள். ஒரு செல்லில் 2 அல்லது 3 பிட் வைக்கும் சில்களில், ஒரே செல் வரிசையில் முதலில் ஒரு பக்கமும் (பேஜ், ஒரே தடவையில் எழுதும் அளவு) பிறகு இன்னொரு பக்கமும் எழுதப்படும் முறை இருக்கிறது. இரண்டாவது பக்கத்தை எழுதும்போது செல்லின் மின்னழுத்த நிலைகள் நகர்கின்றன. அந்த நடுவில் கரன்ட் போனால், எப்போதோ எழுதி முடித்து 'ஆச்சு' என்று பதிலும் சொல்லிவிட்ட முதல் பக்கம் சேர்ந்து அழியும். நல்ல ஃபர்ம்வேர் அதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதிர்ஷ்டம்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 15 எஸ்எஸ்டிகளை எழுதும்போதே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்து, 2013இல் வெளியிட்டன. 13 டிஸ்க்குகளில் ஏதோ ஒரு வகைப் பிழை வந்தது: பிட் மாறியது, பாதி எழுதியது, எழுதிய வரிசை குலைந்தது, முழு டிஸ்க்கும் செத்தது என்று பல வகை. அதற்குப்பின் ஃபர்ம்வேர்கள் தேறியிருக்கின்றன என்றாலும், அடிப்படை மாறவில்லை.

தீர்வு கெபாசிட்டர்தான். சர்வர்களுக்கான எஸ்எஸ்டி போர்டில் ஒரு ஓரத்தில் டான்டலம் அல்லது பாலிமர் கெபாசிட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கரன்ட் போன பிறகும் அவை கொடுக்கும் சில பத்து மில்லி விநாடியில் கேஷில் இருப்பதும் பட்டியலும் ஃபிளாஷில் இறங்கிவிடும். எம் டாட் 2 வகையில் வீட்டுக்கானது 80 மி.மீ. நீளம், சர்வருக்கானது பல சமயம் 110 மி.மீ. அந்தக் கூடுதல் 30 மி.மீ. பெரும்பாலும் கெபாசிட்டருக்குத்தான். வாங்குமுன் உங்கள் மதர்போர்டில் அதற்கு இடமும் திருகும் இருக்கிறதா பாருங்கள்.

அட்டையில் 'மின்தடைப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தால் போதாது. ஏற்கெனவே ஃபிளாஷில் இருப்பதை மட்டும் காப்பது ஒரு வகை. கேஷில் பறந்துகொண்டிருப்பதையும் காப்பது இன்னொரு வகை. வீட்டுக்கான டிஸ்க்குகளில் கிடைப்பது, கிடைத்தால், முதல் வகை. விவரத்தாளில் இரண்டாவது வகை என்று தெளிவாக இருந்தால் மட்டும் கூடுதல் காசு கொடுங்கள்.

உங்கள் டிஸ்க் இதுவரை எத்தனை தடவை இப்படி அடி வாங்கியிருக்கிறது என்று பார்க்க, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற நிரலில் 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அது மூல எண்ணை 16 அடிமான முறையில் காட்டும். 'பி4' என்று இருந்தால் 180. எண் வேண்டுமானால் அமைப்பில் 10 அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. விளக்கு கண்ணைச் சிமிட்டுவதோடு சரி, ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. (ஆசிரியர், திருவண்ணாமலை)

இன்வெர்ட்டரின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: நார்மல், யுபிஎஸ். அது நார்மலில் இருக்கிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு அலைக்கு 20 மில்லி விநாடி. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரின் தயவில், 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் அளவுகோல். மலிவான எஸ்எம்பிஎஸ்கள் அதற்குக் குறைவு. யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் 10 மில்லி விநாடிக்குள் மாறிவிடும். நார்மலில் 40 வரை போகலாம். மின்விசிறிக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

ஸ்விட்சை மாற்றினால் ஒரு விலை உண்டு. யுபிஎஸ் நிலையில் சுமார் 180 வோல்டுக்குக் கீழே போனதுமே பேட்டரிக்குத் தாவும்; நார்மலில் 100 வோல்ட் வரை மெயினிலேயே ஓட்டும். சாயங்காலம் லோ வோல்டேஜ் இருக்கும் தெருவில் யுபிஎஸ் நிலை பேட்டரியைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு 600 விஏ யுபிஎஸ் போடுங்கள். இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருக்க வேண்டும். சதுர அலை என்றால் அந்த யுபிஎஸ் அதை மின்சாரமாகவே ஏற்காமல் தன் பேட்டரியில் ஓடித் தீர்ந்துபோகலாம்.

யுபிஎஸ் விஷயத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள்: லேசர் பிரின்டரை அதில் செருகுவது. 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான்; பிரின்டரின் சூடேற்றும் உருளை அதைவிட அதிகம் இழுக்கும், பேட்டரியில் ஓடும்போது பிரின்ட் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக அணையும். அடுத்தது பேட்டரியை மறந்துவிடுவது. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். 6 மாதத்துக்கு ஒருமுறை, எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்து எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பாருங்கள். 3 நிமிஷத்துக்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியையும் இணையுங்கள்; ஆள் இல்லாதபோது பேட்டரி இறங்கினால் விண்டோஸ் தானாக ஷட்டவுன் ஆகும். பலர் அந்தக் கம்பியைப் பெட்டியிலிருந்தே எடுப்பதில்லை.

பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் என்ன செய்ய' என்ற அமைப்பை 'அணைந்தே இரு' என்று வையுங்கள். நம் ஊரில் கரன்ட் வரும்போது ஒரே தடவையில் வருவதில்லை, இரண்டு மூன்று முறை வந்து போய்த்தான் நிலைக்கும். தானாக ஆன் ஆகும் மெஷின், முதல் மின்தடையில் குலைந்ததைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அடி வாங்கும்.

காப்பி 100 சதவீதம் வந்தபிறகுதான் பென் டிரைவை எடுத்தேன். ஃபைல் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. (வாசகர், காரைக்குடி)

லினக்ஸா? அதில் அந்த 100 ரேமுக்குப் போன 100. 'இஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று சொல்லும்வரை காத்திருங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு 'உடனே எடுக்கலாம்' நிலையே இயல்பு. அங்கேயும் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது பிடுங்காதீர்கள். பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபைல் அமைப்புகளான எக்ஸ்ஃபாட், ஃபாட்32 இரண்டிலும் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏடு, கிடையாது, குலைந்தால் தானாகச் சரிசெய்துகொள்ள வழியில்லை.

மில் ஆபீஸ் சர்வரில் ரெய்டு கார்டின் பேட்டரி போய்விட்டதாக எச்சரிக்கை வந்தது. அன்றிலிருந்து சர்வர் ஊர்ந்தது. சர்வீஸ் ஆள் வந்து ஏதோ ஒரு அமைப்பை மாற்றியதும் பழைய வேகம் வந்துவிட்டது. பேட்டரி மாற்றவில்லை. பரவாயில்லையா? (கணக்காளர், ஈரோடு)

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இன்றைக்கே திருப்பச் சொல்லுங்கள்.

பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் அந்தக் கார்டில் ஒரு பெரிய கேஷ் இருக்கிறது. பேட்டரி நன்றாக இருந்தால் கரன்ட் போனாலும் கேஷில் உள்ளது பல மணி நேரம் நிற்கும்; மின்சாரம் வந்ததும் கார்டு அதை டிஸ்க்கில் இறக்கும். அதனால்தான் 'எழுதியாச்சு' என்று முன்கூட்டியே சொல்லும் துணிச்சல் அதற்கு வந்தது. இதை ரைட்-பேக் என்பார்கள். பேட்டரி போனதும் கார்டு யோக்கியமாக ரைட்-த்ரூவுக்கு மாறி, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் இறக்கிய பிறகே பதில் சொன்னது. மந்தம் அதனால் வந்ததுதான், கோளாறில்லை. வந்தவர் 'பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்' என்று கட்டாயப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார். இப்போது கேஷில் இருப்பதற்கு எந்த ஆதரவும் இல்லை. டேட்டாபேஸ் எஃப்சிங்க் கொடுத்தாலும் கார்டு பொய்தான் சொல்லும்.

ரெய்டு 5 என்றால் இன்னொரு ஓட்டையும் திறக்கும். தகவல் ஒரு டிஸ்க்கிலும் அதற்கான பேரிட்டி (ஒரு டிஸ்க் செத்தால் தகவலை மீட்க உதவும் கணக்கு) இன்னொன்றிலும் எழுதப்பட வேண்டும். ஒன்று எழுதி மற்றது எழுதுமுன் கரன்ட் போனால் இரண்டும் ஒத்துவராது. அன்றைக்கு எதுவும் தெரியாது. 8 மாதம் கழித்து ஒரு டிஸ்க் செத்து, பேரிட்டியிலிருந்து அதை மீட்டெடுக்கும்போது, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபைலில் குப்பை வரும். அதனால் இதுவரை மின்தடை நடந்திருந்தால், பேரிட்டிச் சரிபார்ப்பை ஒருமுறை முழுதாக ஓட்டச் சொல்லுங்கள். புது பேட்டரிக்குப் பதில், கேஷை ஃபிளாஷில் கொட்டிவிடும் சூப்பர்கெபாசிட்டர் தொகுதி உங்கள் கார்டுக்குக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். அதை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை.

என் டிஸ்க் உண்மை சொல்கிறதா என்று நானே சோதிக்க முடியுமா? (சாஃப்ட்வேர் எழுதுபவர், கோயம்புத்தூர்)

முடியும். முதல் சோதனைக்குப் பிளக்கைத் தொடவே வேண்டாம். 4 கேபி எழுதி எஃப்சிங்க் கொடுத்து, பதில் வந்ததும் அதே இடத்தில் மறுபடி எழுதும் சின்ன நிரலை ஓட்டி, விநாடிக்கு எத்தனை முறை என்று எண்ணுங்கள். 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். அதே இடம் ஹெட்டுக்கடியில் திரும்ப வர ஒரு சுற்றாவது வேண்டும். ஆகவே 120தான் உச்சம். 2,000 என்று வந்தால் நடுவில் யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். எஸ்எஸ்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கெபாசிட்டர் உள்ளது பல ஆயிரம் காட்டினாலும் அது நேர்மையான வேகம்.

இரண்டாவது சோதனைக்கு இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும். பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற சின்ன பெர்ல் நிரல் இதற்கென்றே இருக்கிறது. இரண்டாவது மெஷினில் அதைக் கேட்கும் நிலையில் ஓடவிடுங்கள். சோதிக்கும் மெஷினில் 500 எம்பி ஃபைல் ஒன்றில் எழுத விடுங்கள். அது ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி, எஃப்சிங்க் முடிந்ததும், 'இது எழுதியாச்சு' என்று நெட்வொர்க் வழியாக இரண்டாவது மெஷினிடம் சொல்லும். ஒரு நிமிஷம் ஓடியபின் சோதிக்கும் மெஷினின் பவர் கம்பியை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிடுங்குங்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால் சோதனையே வீண்: டிஸ்க்குக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், கேஷ் பத்திரமாக இருக்கும், எல்லாம் சரி என்று வரும். விர்ச்சுவல் மெஷினைக் கொல்வதும் அப்படியே. லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றியிருக்க வேண்டும்.

30 விநாடி பொறுத்து மறுபடி ஆன் செய்து, சரிபார்க்கும் நிலையில் நிரலை ஓட்டுங்கள். 'எழுதியாச்சு' என்று அது வாக்குக் கொடுத்த பக்கங்களில் எத்தனை இல்லை என்று எண்ணிச் சொல்லும். பூஜ்யம் வந்தால் இன்னும் 9 தடவை பிடுங்குங்கள், ஒருமுறை தப்பிப்பது பெரிய விஷயமில்லை. பிழை வந்தால் முதலில் பாலிசீஸ் பக்கத்தையும் ரெய்டு அமைப்பையும் பாருங்கள், பிறகு டிஸ்க்கின் கேஷையே அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளையில் அதற்கு வழி உண்டு; எழுதும் வேகம் நன்றாகவே விழும். அப்போதும் பிழை வருகிறதென்றால் அந்த டிஸ்க்கில் சினிமா வைத்துப் பாருங்கள், டேட்டாபேஸ் வைக்காதீர்கள். சோதனைக்கு முன் உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்க மறக்காதீர்கள். சில டிஸ்க்குகள் நாலாவது பிடுங்கலில் எழுந்திருப்பதே இல்லை.